பகல் நிறுவை இல்லாத நாள்

பதுளை அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது என் மகள் கைக்குழந்தை. கொழும்பில் பயிற்சி பெற்றிருந்ததால், தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து நிறையைக் கணக்கிடும் வேலை என் தலையில் விழுந்தது. அதைச் சோதித்துப் பார்க்கவிருந்த நாள் காலை பிள்ளைக்கு உடம்பு சுட்டது. மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த வேலைக்காக ஒரு மேக்ரோ எழுதியிருந்தேன். ஒருமுறை எழுதிவைத்தால், இலக்கங்களை மட்டும் கொடுத்துத் திரும்பத் திரும்ப வேலை வாங்கலாம். கொழுந்து பறிப்பவரின் இலக்கம், காலை நிறுவை, பகல் நிறுவை, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பது, கடைசியில் தொழிற்சாலை வாசலில் மாலை நிறுவை. தோட்டத்திலிருந்து வரும் நிறைத் துண்டுகளில் இருக்கும் வரிசை அதுதான். எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே எது எதுவென்று மேக்ரோ அறிந்துகொள்ளும்.

ஒவ்வொன்றுக்கும் பெயராக ஓர் எழுத்தை முன்னால் வைக்கும் முறையும் உண்டு. பயிற்சியில் இரண்டையும் சொல்லித்தந்தார்கள். எதை எப்போது என்று யாரும் சொல்லவில்லை. தட்டச்சு செய்யும் அக்காவிடம் கேட்டேன்.

"ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால ஒரு எழுத்தா? தங்கச்சி, ஒங்களுக்கு எழுதுற வேல ஒரு நாளோட முடிஞ்சிரும். எனக்கு அடிக்கிற வேல தெனமும் இருக்கு."

நியாயம்தான். வரிசையையே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் எங்கள் தாளைப் பார்த்தே தோட்டத்தில் சம்பளப் பேர் போடுவதென்று பெரிய கிளாக்கர் சொல்லியிருந்தார். நாளுக்குரிய நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அதனால் அன்று பிற்பகலில் அப்புத்தளைப் பக்கத்துத் துண்டுகள் சிலவற்றை அடித்துப் பார்த்தோம். முதல் பெண்ணுக்கு ஒரு கிலோ என்று வந்தது.

அக்கா சிரித்தார். "நாள் முச்சூடும் நனஞ்சிட்டு ஒரு கிலோவா? மடியில கட்டிக்கிட்டா வந்தா?"

துண்டை எடுத்துப் பார்த்தேன். ஆளின் இலக்கத்துக்குப் பின் ஒன்பது, இரண்டு, பத்து. மழை கொட்டும் நாளில் பகல் நிறுவை நடக்காது, பகலில் பறித்ததையும் மாலையில்தான் நிறுப்பார்கள். பகலின் இடத்தில் கழிவான இரண்டு போய் நின்றுவிட்டது, கழிவின் இடத்தில் மாலையின் பத்து. ஒன்பதையும் பத்தையும் கூட்டி இரண்டைக் கழித்தால், பதினேழு கிலோ பறித்தவள் அவள்.

வெற்றிடத்துக்கு ஒரு கமா அடித்தால் போதும் என்றார் அக்கா. எனக்கும் ஆம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பால் கட்டி மார்பு கனத்தது. ஆனால் அந்தக் கமாவை மழைக்காலம் முழுவதும் யார் நினைவில் வைத்திருப்பது? காலையில் பால் போத்தலைக் கழுவினேனா என்பதே எனக்கு நினைவில்லை. ஒரு கிலோ என்று வந்ததால் சிரித்தோம். பன்னிரண்டு என்று வந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டோம், அவளுக்கு அரைப்பேர்தான்.

உட்கார்ந்து மாற்றினேன். ஆளின் இலக்கம் எந்தத் துண்டிலும் விடுபடாது. அது முதலிடத்திலேயே இருக்கட்டும். விடுபடக்கூடிய மற்ற நான்குக்கும் எழுத்து. எழுத்து வராவிட்டால் அது பூச்சியம்.

அக்கா மறுபடி அடித்தார். பதினேழு வந்தது.

"சரி, திட்டிக்கிட்டே அடிக்கிறேன். நீங்க மொதல்ல பிள்ளையப் பாக்கப் போங்க."

என் பஸ் போயிருந்தது. அடுத்ததில் நின்றுகொண்டே போனேன். வெளியே மழை. அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி வீட்டு வாசல் வரை கூடவே வந்தது.