ரோசா நடத்தும் கூட்டம்

கிழக்கு லண்டனில் ஒரு தேவாலயக் கூடம். தென் அமெரிக்காவிலிருந்து குடியேறிய பெண்கள் குடும்பத்தோடு வந்து நிறைந்திருக்கிறார்கள். சோள மாவு அடை மணக்கிறது. இவர்களுடைய மாலை நேர ஆங்கில வகுப்பை நிறுத்தப்போவதாகப் பேச்சு. விளக்கம் சொல்லக் கவுன்சிலர் வந்திருக்கிறார். கூட்டத்தை நடத்துபவர் கொலம்பியாக்காரர் ரோசா. அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறார்.

என்னை அழைத்துவந்த யோகா அக்கா இங்கே ஆங்கிலம் கற்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். "முதல் நாள் வரேக்க இவ வாயே திறக்கேல்லை. பேர் கேட்டாலும் கூட வந்த இவவின்ர மனிசன்தான் சொன்னவர்."

"இப்போ பயம் போயிடுச்சா?"

"எங்க போனது? கையைப் பாருங்கோ."

ரோசா இரண்டு கைகளாலும் மைக்கை இறுகப் பிடித்திருக்கிறார்.

கவுன்சிலர் சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டே போகிறார். ரோசா ஆங்கிலத்தில் குறுக்கிடுகிறார்: "மன்னியுங்கள். வகுப்பு இருக்குமா, இருக்காதா?"

கவுன்சிலர் சொல்கிறார்: "இருக்கும்."

கூடமே எழுந்து கைதட்டுகிறது. குழந்தைகள் மேசையில் தாளம் போடுகிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் ரோசா எங்களிடம் வந்து, ஒரே மூச்சில் தண்ணீர் குடித்துவிட்டு, அக்காவின் காதில் ஏதோ கேட்கிறார். அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"என்னக்கா கேக்குறாங்க?"

"கவுன்சிலர் ஆகிறதுக்கு என்ன செய்யவேணுமாம்?"