எல்லா வெஞ்சனமும்

"எல்லா வெஞ்சனமும் வச்சிருங்கக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் ஸ்டீபன்ராஜ் இலைக்கு முன்னால் உட்காருவார். நத்தம் ரோட்டில் ஒச்சம்மாள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கூட்டு, பொரியல், துவையல், கருவாட்டுத் தொக்கு, அன்றைக்கு என்ன இருந்தாலும் அவர் இலைக்கு வந்தாக வேண்டும். சாப்பிடுவதென்னவோ பொரியல் மட்டும்தான். மற்றதெல்லாம் இலையோடு மடிந்து தொட்டிக்குப் போகும். கேட்டால், "அப்பறம் வேணும்னா எந்திரிச்சா வாரது?" என்பார்.

ஆளே அப்படித்தான். கொடைரோடு ஸ்டேஷனில் மதுரை வண்டியை மட்டும் விசாரிக்கத் தெரியாது. அன்றைக்கு வருகிற அத்தனை வண்டியையும் விசாரித்து முடிப்பதற்குள் அவருடைய வண்டி போயிருக்கும்.

அந்தப் பக்கம் இருக்கிற ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் எல்லாம். ஆலையில் சுற்றுகிற ஒவ்வொரு நூல் கோனுக்கும் எடை, மெஷின், ஷிப்ட், சுற்றிய ஆள் என்று ஏகப்பட்ட விவரங்கள் ஒரே வரியாகக் கம்ப்யூட்டரில் ஏறும். மாத முடிவில் ரிப்போர்ட் கேட்டால் திரை அசையாது. 2012இல் சென்னைக் கம்பெனி ஒன்று, விவரங்களைச் சட்டென்று தேடித் தருகிற புதுவகை இண்டெக்ஸ் கொண்டு வந்தது. எடைகளெல்லாம் ஓரிடம், மெஷின் நம்பர்களெல்லாம் ஓரிடம் என்று பத்தி பத்தியாகப் பிரித்து வைக்கிற இண்டெக்ஸ். "இதைப் போட்டா டீ ஆறுறதுக்குள்ள ரிப்போர்ட் வந்துரும் சார்" என்று முதலாளியிடம் அடித்துச் சொல்லி வாங்க வைத்தார்.

டீ ஆறி ஆடை கட்டியது. ரிப்போர்ட் வரவில்லை.

முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். "என்ட்ரி போடுற பிள்ளை கண்டபடி போட்டு வச்சிருக்கு சார். அதேன் சிக்குது" என்று ஸ்டீபன்ராஜ் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். என்ட்ரி போட்டவள் கௌசல்யா, ஒச்சம்மாளின் மகள். அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர், ரிப்போர்ட்டுக்காக இவர் கம்ப்யூட்டருக்கு எழுதியிருந்த கேள்விகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எதுக்கு சார் எல்லாத்தையும் கேக்குறீங்க?"

ஸ்டீபன்ராஜ் எழுதிய ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. இருக்கிற விவரம் அத்தனையும் கொடு என்று அதற்கு அர்த்தம். பின்னால் முதலாளி எதையாவது கேட்டுவிட்டால்? எந்த வழியில் போனால் வேலை குறைவு என்று உள்ளே இருக்கிற மென்பொருள் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கும். இரண்டு மூன்று விவரம் போதுமென்றால் அந்தப் பத்திகளை மட்டும் படித்துவிட்டு ஓடி வந்துவிடும். அத்தனையும் வேண்டுமென்றால், பத்தி பத்தியாக அலைந்து பொறுக்கிக் கோர்ப்பதைவிட வரிவரியாகப் படிப்பதே லேசு என்று பழைய வழிக்கே போய்விடும். புது இண்டெக்ஸைத் தொடக்கூடச் செய்யாது. இன்ஜினியர் நட்சத்திரத்தை அழித்தார். எடை, மெஷின், ஷிப்ட் என மூன்றை மட்டும் கேட்டார். ஸ்டீபன்ராஜ் டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் ரிப்போர்ட் வந்து நின்றது. கௌசல்யாவின் என்ட்ரியில் ஒரு குறையும் இல்லை.

முதலாளி வந்து பார்த்தார். "பாத்தியாய்யா, ஆளை மாத்துனதும் எம்புட்டு வேகம்!"

"ஆமா சார்" என்றார் ஸ்டீபன்ராஜ். அந்த 'ஆமா'வை நினைத்தால் தனியாக இருக்கும்போதும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு ஒச்சம்மாள் கடைப் பக்கம் போகவில்லை. கடை கண்ணில் படாமலிருக்கச் சந்து சந்தாகச் சுற்றி ஆலைக்குப் போனார். ஆனாலும் ஒருநாள் சந்து முனையில் கறிவேப்பிலைக் கட்டோடு ஒச்சம்மாளே எதிரில் வந்துவிட்டார். "என்ன தம்பி, ஆளையே காணோம்? வாங்க, செத்த நேரம் உக்காந்து சாப்ட்டுப் போங்க" என்று கூட்டிக்கொண்டு போய் இலையைப் போட்டார். உள்ளே கௌசல்யா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க மேல கோவமா தம்பி?" ஒச்சம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்கதேன் நம்பிச் சேத்துவிட்டீக. அவ பெசகா அடிச்சு உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டா. மனசுல வச்சுக்கிறாதீக அப்பு."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஸ்டீபன்ராஜ் வாயைத் திறந்தார். தப்பு என்மேல்தான் என்று சொன்னால் போதும், வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. அது வரவில்லை. ஒச்சம்மாள் வழக்கம்போல எல்லா வெஞ்சனத்தையும் எடுத்து வந்தார். ஸ்டீபன்ராஜ் இரண்டு கையையும் இலைமேல் விரித்து மறைத்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து ஒச்சம்மாள் கூட்டை அள்ளி வைத்துவிட்டார். ஆவி பறக்கிற கூட்டு புறங்கையில் விழுந்தது.

"ஐயோ, கையை எடுங்க தம்பி, சுடும்!"

அவர் கையை எடுக்கவில்லை.