மூன்று ஞாயிறும் மூன்றாம் இடமும்

போன கிழமை மருந்துக் கடையில் கால்வலிக்குத் தைலம் கேட்டேன். கடைக்காரர் நெடுநாள் பழக்கம். தைலத்தை எடுத்து வைத்தவர், பக்கத்தில் ஆள் இல்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ... வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"ஏன் தம்பி?"

"இல்லை... மூண்டு ஞாயிற்றுக்கிழமையா நீங்கள் றோட்டில ஓடுறியள் எண்டு ஆக்கள் கதைக்கினம்."

ஓடியது மூன்று வெவ்வேறு ஊர்களில். செய்தி மட்டும் ஒன்றுசேர்ந்து கிளிநொச்சி மருந்துக் கடைக்கு வந்துவிட்டது — என்னைவிட வேகமாக!

அவரையும் குறை சொல்ல முடியாது. நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி வீதியில் ஓடினால் நம் ஊரில் காரணம் இரண்டுதான். யாராவது துரத்த வேண்டும், இல்லாவிட்டால் பஸ் போய்க்கொண்டிருக்க வேண்டும். சும்மா ஓடுவாளா?

சும்மா இல்லைதான். கோகிலாவுக்காக ஓடினேன்.

கோகிலா வட்டக்கச்சியில் எங்களுக்குப் பக்கத்து ஒழுங்கை. இருபத்துநாலு வயது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அப்பா இப்போது வயல் செய்கிறார். பள்ளிக்கூட நாளில் அவள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தால் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி போடுவார்களாம். பள்ளிக்கூடம் முடிந்தது. வழக்கமாக அத்தோடு ஓட்டமும் முடியும். நம் பெண்பிள்ளைகள் இருபது வயதுக்குப் பிறகு பஸ்ஸுக்கு மட்டும்தானே ஓடுகிறார்கள்? இவள் விடவில்லை. விடிய எழும்பி வாய்க்கால் வீதியில் ஓடிவிட்டு, குளித்து, அதற்குப் பிறகு வேலை பஸ் பிடிக்கிறாள்.

ஆனால் எங்கே போட்டி?

விளையாட்டுக் கழகங்கள் மரதன் வைக்கின்றன. (நம் ஊரில் ஐந்து கிலோமீற்றரும் மரதன்தான். விசயம் தெரிந்தவர்கள் கோபிக்க வேண்டாம்.) ஆண்களுக்கு ஆள் நிறைந்து வழியும். பெண்களுக்கு? கோகிலா. அவ்வளவுதான். மூன்று பேராவது ஓடி முடித்தால்தான் அது போட்டி, இல்லாவிட்டால் முடிவு செல்லாது என்பது எல்லாக் கழகத்திலும் விதி. "ஆக்கள் காணாது தங்கச்சி, அடுத்த வருசம் பாப்பம்" என்பார்கள். கட்டிய சப்பாத்தைக் கழற்றாமலே எத்தனையோ தடவை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். தோற்றுப் போய்த் திரும்பினால் ஒரு மாதிரி. ஓடாமலே திரும்புவதை என்னவென்று சொல்ல?

இந்த வருடம் ஒரு பயிற்றுநர் அவள் ஓடுவதைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். வீதி ஓட்டத்தில் முதலிடம் எடுத்த சான்றிதழ் இரண்டு கொண்டுவந்தால் மாகாணப் பயிற்சி முகாமில் சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்தடுத்த மூன்று ஞாயிறு — வட்டக்கச்சி, முள்ளியவளை, முல்லைத்தீவு. அவ்வளவுதான் வாய்ப்பு. மழை தொடங்கினால் பிறகு ஓட்டமும் இல்லை, வீதியும் இல்லை.

ஒருநாள் பின்னேரம் வந்து குசினி வாசலில் நின்றாள்.

"அக்கா, நீங்க ஓடவே தேவையில்ல. கடைசியா வந்தா போதும்."

எத்தனையோ பேர் எத்தனையோ உதவி கேட்டு வந்திருக்கிறார்கள். என் திறமையில் இவ்வளவு நம்பிக்கையோடு ஒருவரும் வந்ததில்லை!

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஓம் எண்டு சொல்லும். உம்மை விட்டால் இந்த வேலைக்கு ஆர் இருக்கினம்?"

இரண்டாவது ஆளாக நஸீராவைப் பிடித்தேன். முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருக்கும் சிநேகிதி. சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னார். கடற்கரையில் நடந்து பழகி, இப்போது ஓடவும் செய்கிறாள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் தொடங்கிய கடையை இன்று மாடிவீடு அளவுக்குக் கொண்டுவந்தவள். ஒன்றைத் தொடங்கினால் நடுவில் விடமாட்டாள் — என்றுதான் நம்பினேன்.

முதல் ஞாயிறு, வட்டக்கச்சி. விசில் ஊதியதும் கோகிலா பறந்தாள். முதல் திருப்பம் வரை அவளுடைய பின்னல் ஆடுவது தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. நஸீராவும் சற்று முன்னே போய்விட்டாள்.

வீதியில் ஓடுகிறவருக்குப் பெரிய எதிரி எது? வெயில் இல்லை. நாயும் இல்லை. அன்பு!

அரைக் கட்டை தூரம் போகவில்லை, பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. தூரத்துச் சொந்தம், செல்வராசா மாமா.

"என்ன பிள்ளை, பஸ்ஸை விட்டிட்டியே? ஏறு."

"இல்லை மாமா... ஓட்டப் போட்டி."

"அதுக்கென்ன? ஏறு. முன்னுக்குக் கொண்டுபோய் விடுறன்."

மறுத்ததில் மாமாவுக்கு மனவருத்தம். இன்றைக்கும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பால்காரர், ஒரு ஓட்டோக்காரர், என்னிடம் முன்பு ரியூஷன் படித்த பையன்... நம் ஊரில் ஒருவர் தனியாக நடந்து போவதையே பொறுக்க மாட்டார்கள். ஓடினால் விடுவார்களா?

முடிவுக் கோட்டில் கோகிலா நின்றாள். முதலாவதாக வந்தவள், மூன்றாவதாக வருபவள் வருகிறாளா என்று நகம் கடித்துக்கொண்டு நின்றாள். நான் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அவள் வென்றாள். எனக்கு மூன்றாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி. அதை எங்கள் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காட்டுகிறார்.

இரண்டாம் ஞாயிறு, முள்ளியவளை. நஸீராவும் நானும் சேர்ந்தாற்போல் ஓடினோம். பாதி வழி தாண்டியிருப்போம். எதிரில் அவளுடைய கணவர் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்து குறுக்கே நிறுத்தினார்.

"உம்மாவாக்கள் புத்தளத்தால வந்திட்டினம். வீடு பூட்டிக் கிடக்கு. வாசல்ல நிக்கினம்!"

நஸீரா என்னைப் பார்த்தாள். மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள்.

"அல்லாஹ்வே... மாமி வெயிலுக்க நிக்கிறாவாம்" என்றாள். ஏறினாள். போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பெயர் இல்லை. ஆனால், என் மாமியார் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றால் நான் ஓடிக்கொண்டிருப்பேனா? ஊரில் எந்தப் பெண்ணால் முடியும்?

அன்றைக்கு எனக்கு இரண்டாம் இடம். வாழ்நாள் சாதனை — கணக்கில் இல்லை. ஓடி முடித்தது இரண்டு பேர்தானே. கழகத்துத் தலைவர் மனம் வருந்தித்தான் சொன்னார். கோகிலா அழவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத் துணியைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தாள்.

"பரவாயில்ல அக்கா."

திரும்பும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே வந்தாள். அந்தப் 'பரவாயில்லை'யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளிநொச்சி வரை வந்ததுதான் எனக்கு உண்மையான மரதன்.

மிஞ்சியது முல்லைத்தீவு மட்டும்.

மூன்றாம் ஞாயிறு நஸீரா முன்னேற்பாட்டோடு வந்தாள். மாமியாரையே கையோடு கூட்டிவந்து முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்திவிட்டாள்! "இனி ஆர் வந்து எந்த வாசல்ல நிண்டாலும் எனக்குக் கவலை இல்லை" என்றாள்.

ஆனால் பிரதம விருந்தினர் நேரத்துக்கு வரவில்லை. வந்தார். மாலை போட்டார்கள். பேசினார். இன்னொருவர் பேசினார். ஓட்டத்தின் பயனைப் பற்றி எல்லாரும் நின்றபடி கேட்டோம். வீதியை மறிக்க ஒன்பது மணிவரைதான் அனுமதி. அதற்குள் வந்து சேராதவர் ஓடாதவர் கணக்கு. விசில் ஊதியபோதே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது.

நான் ஓடினேன். சரி, ஓட்டம் மாதிரி ஒன்று. எனக்குள்ளே ஒரே நினைப்பு — ஆர் மறித்தாலும் நிற்பதில்லை. ஆர் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

கடைசித் திருப்பத்தில் பறைமேளச் சத்தம் கேட்டது. வெள்ளைக்கொடி. வீதியோரம் பந்தல். வாசலில் கட்டியிருந்த அஞ்சலிப் பதாகையில் இருந்த முகத்தைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

கந்தோரில் என்னோடு வேலை செய்யும், அடுத்த கதிரையில் இருக்கும் சிவமலரின் அப்பா.

இரவு வந்த செய்தியை நான் பார்க்கவில்லை. ஓட்டத்துக்காக நேரத்தோடு படுத்துவிட்டேன். இப்போது மஞ்சள் ரீசேட்டும், நெஞ்சில் இலக்கமும், வழிகிற வியர்வையுமாகச் சாவீட்டு வாசலில் நிற்கிறேன். கதிரைகளில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேர் எழும்பி, "வாங்கோ, வாங்கோ" என்றார்கள்.

உள்ளே போனால் சிவமலரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும், இருக்க வேண்டும். கோகிலாவின் முகாம் போய்விடும். போகாமல் ஓடினால்? தெரிந்த சாவீட்டைத் தாண்டி, மஞ்சள் ரீசேட்டோடு, ஓடுவதா? சிவமலர் நான் ஓய்வு பெறும் வரைக்கும் அடுத்த கதிரையில்தான் இருக்கப் போகிறாள்.

வாசலில் நின்றவர் சிவமலரின் தம்பி. அழுது அழுது கண் சிவந்திருந்தது. என் இலக்கத்தைப் பார்த்தார்.

"அக்கா... ஓட்டமோ?"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோகிலா, மூன்று பேர் விதி, ஒன்பது மணி... சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. தகப்பனை இழந்து நிற்கிற மனிதனிடம் சொல்கிற கதையா இது?

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எடுக்கிறது பின்னேரம் மூண்டு மணிக்கு அக்கா. அப்பா அதுவரைக்கும் இஞ்சதான் இருப்பார். நீங்கள் ஓடி முடிச்சிட்டு வாங்கோ."

பகிடியாகச் சொல்லவில்லை. மெய்யாகவே நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். கதிரையில் இருந்த ஒரு பெரியவர், "ஓடு பிள்ளை, நேரம் போகுது!" என்று அதட்டினார். கும்பிட்டுவிட்டு ஓடினேன். பறைமேளம் எனக்காக அடிக்கவில்லைதான்... ஆனாலும் கால் அதைப் பிடித்துக்கொண்டது. இறந்தவர் மன்னிப்பாராக.

முடிவுக் கோடு தெரிந்தபோது அங்கே மறித்துக் கட்டிய கயிற்றைச் சுற்றத் தொடங்கியிருந்தார்கள். நஸீராவின் மாமியார் கதிரையை விட்டு எழும்பி நின்று கை காட்டினார். அவருக்குப் பக்கத்தில், எனக்கு முன்பே ஓடி முடித்துவிட்ட நஸீராவோடு கோகிலா.

"ஓடுங்க அக்கா! ஓடுங்க!"

ஓடவே தேவையில்லை என்று சொன்னவள்!

ஓடினேன். மூன்று ஞாயிறிலும் நான் உண்மையாக ஓடியது அந்தக் கடைசி நூறு மீற்றர்தான். கோட்டைத் தாண்டி விழப்போனவளைக் கோகிலா பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். நானும் அழுதேன். நஸீராவின் மாமியாரும் அழுதார் — ஏன் என்று அவருக்கே தெரியாது.

உடுப்பு மாற்றிக்கொண்டு, எடுக்கிறதுக்கு முன்பே கோகிலா, நஸீரா, நான் மூவருமாகச் சாவீட்டுக்குப் போனோம். வாசலில் அதே தம்பி.

"எத்தினையாம் இடம் அக்கா?"

"மூண்டாம் இடம்."

"நல்லது, நல்லது. எத்தினை பேர் ஓடினவை?"

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். சாவீட்டில் தலை குனிந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

நாம் முதலாம் இடத்தை மட்டும்தான் பேப்பரில் போடுகிறோம், மாலை போடுகிறோம். அந்த முதலாம் இடம் செல்லுபடியாக இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரவேண்டியிருக்கிறது. ஓட்டத்தில் மட்டுமா? கந்தோரில், கழகத்தில், கல்யாண வீட்டில் — எங்கேதான் இல்லை? ஊரில் எத்தனை பெண்பிள்ளைகள் கெட்டித்தனம் குறைந்தா வீட்டில் நிற்கிறார்கள்? பக்கத்தில் ஓட ஆள் இல்லாமல்தான் பாதிப் பேர் நிற்கிறார்கள்.

கோகிலா முகாமுக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள் பின்னேரம் போன் எடுத்தாள். மூச்சு வாங்கியது. ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோனேன். தோற்றுவிட்டாளா? திருப்பி அனுப்பிவிட்டார்களா?

"அக்கா, இன்னிக்கு ஓட விட்டாங்க. நான் பாதிக்குக் கீழதான் வந்தேன்" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோசம்! "எனக்கு முன்னால ஆளுங்க ஓடுறாங்க அக்கா! பத்துப் பேருக்கு மேல! இப்படி நான் பார்த்ததே இல்ல..."

நான் பார்த்திருக்கிறேன் பிள்ளை. மூன்று ஞாயிறும் அதைத்தான் பார்த்தேன்.