சகனின் ஆறாவது பக்கம்

பேய், ஜின் என்று யாராவது கதையெடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். புத்தளம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக வேலை பார்த்தவள். பிரேத அறைத் திறப்புக் கொத்து பல வருடம் என் இடுப்பில்தான் கிடந்தது. செத்தவர்கள் ஒருவரும் என்னை ஒன்றும் செய்ததில்லை, உயிரோடு இருந்தவர்கள்தான் செய்தார்கள். இதைச் சொல்லும்போது நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள் என்று தெரியும். தாராளமாகச் சுளியுங்கள். நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், ளுஹர் தொழுகை முடிந்து முற்றத்து மணல் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

எனக்கு ஊர் மன்னாரில் எருக்கலம்பிட்டி. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது கைக்கு எட்டிய உடுப்போடு வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்கள் நாங்கள். பிறகு அகதி முகாம், ஓலைக் கொட்டில், தகரக் கொட்டில் என்று என் இளமை அங்கேயே முடிந்தது. சண்டை ஓய்ந்து திரும்பி வந்து பார்த்தால் வீடு என்று நாலு சுவர் நின்றது. கூரையில்லை, சன்னலில்லை, வாசலில் கதவில்லை, நடு அறையில் இரண்டு கழுதைகள் படுத்திருந்தன. வாப்பா முதிரை மரத்தில் ஆசையாகச் செய்வித்த கதவு அது. மேற்சட்டத்தில் ஒரு பிறை செதுக்கியிருக்கும். மற்றதெல்லாம் போய்த் தொலையட்டும், அந்தக் கதவை யார் கொண்டுபோனார்கள் என்று நான் ஊரெல்லாம் விசாரித்தேன். தாழ்வுபாட்டுக்கு மீன் வாங்கப் போன என் தம்பிதான் கடைசியில் அதைக் கண்டுவந்து சொன்னான். என் சிநேகிதி ஜெசிந்தா வீட்டு வாசலில் நிற்கிறதாம்.

வேறு யார் வீட்டில் நின்றிருந்தாலும் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். ஜெசிந்தாவும் நானும் மன்னார் டவுனில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பெருநாளைக்குப் பெருநாள் எங்கள் வீட்டுக்கு வருவாள், எங்களோடு சகனில் உட்காருவாள். சகன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய வட்டத் தட்டு நிறையச் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றிவர இருந்து சாப்பிடுவது. அவரவர் தன் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுதான் ஒழுங்கு. ஜெசிந்தா ஒழுங்குக்கு அடங்க மாட்டாள். தன் பக்கத்துச் சோற்றின் அடியில் விரலை விட்டு, குவியலுக்குள் குகை மாதிரி தோண்டிக்கொண்டே போய், எதிரில் இருக்கும் என் பக்கத்து உருளைக்கிழங்கை உள்ளாலேயே இழுத்துவிடுவாள். உம்மா சிரிப்பார். நானும் அந்த நாளில் சிரித்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. அவளாக வந்து ஒரு சொல் சொல்லட்டும் என்று இருந்தேன், அவளும் வரவில்லை. ஆனால் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கதவுக் கதையை நான் சொல்லாமல் விட்டதில்லை. இப்படியே சில வருடம் போனது. அப்போதுதான் எங்களோடு படித்த ரெஜினா, இப்போது ஓய்வு பெற்ற டீச்சர், வாட்ஸ்அப்பில் குறூப் ஒன்று திறந்து, பழைய மாணவிகள் எல்லோரும் ஒருநாள் கூடுவோம் என்றாள். சாப்பாடு என் வீட்டில் என்று முந்திக்கொண்டு சொன்னேன். பாசத்தில் சொன்னேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மை என்னவென்றால் ஜெசிந்தாவை என் வீட்டுக்குள், கூடப் படித்த அத்தனை பேருக்கும் நடுவில் இருத்தி, என் கதவு எங்கேயடி என்று கேட்க வேண்டும். தலையைக் குனியவைத்துக் கதவைத் திருப்பி வாங்க வேண்டும். அதற்காகத்தான் புரியாணி ஆக்குவித்தேன்.

அன்று ஒரு பதினைந்து பேர் வந்தார்கள். ஆளுக்காள் கட்டிப்பிடித்து, நரையை எண்ணி, கொழும்பு மகன், லண்டன் மகள் என்று ஒரே சத்தம். ஜெசிந்தா மட்டும் வரவில்லை. அவளுக்காக வெளிவாசலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து நொந்ததுதான் மிச்சம். சமையலிலும் குற்றம். குசினிக்குள் ருசி பார்த்தால் சோற்றில் உப்புக் குறைவாக இருந்தது. சமையல்காரரிடம் நாலு வார்த்தை கத்தினேன். பிறகு வெளியே வந்து ஒருவரிடமும் சொல்லவில்லை, எல்லாம் பொருத்தம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பாய் விரித்துச் சகன்கள் வைத்தோம். மற்றச் சகன்கள் நிறைந்துவிட்டன. கடைசிச் சகனில் நான், ரெஜினா, என் மச்சாள் ரிஸானா, இன்னும் இரண்டு பேர் என்று ஐந்து பேர். எனக்கு நேர் எதிர்ப்பக்கம் ஜெசிந்தாவுக்கென்று விட்டது, அது வெறுமையாகக் கிடந்தது.

"பாவம், அவளுக்கு ஏதோ ஏலாதாம், கேள்விப்பட்டனான்," என்றாள் ரெஜினா.

பாவமாம். எனக்குச் சினம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஏலாதோ? என்ர வாப்பாட கதவைக் கழட்டேக்க ஏலுமாக்கும்! கள்ளி. முகத்தைக் காட்ட வெக்கமெண்டு படுத்திருக்கிறாள்."

"நிஸா, சாப்பிடேக்க விடு," என்றாள் ரிஸானா.

விட்டேனா? சத்தமாக, மற்றப் பாய்களில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். "எங்கட வீட்டைத் திண்டவள்தானே, வந்து என்ர சோத்தையும் தின்னட்டும்!"

கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி, "ஒருத்தி செய்ததுக்கு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுப் பேசுறாய் போல," என்று முணுமுணுத்தாள். பேசட்டும் என்று நான் பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன்.

எல்லோரும் தின்னத் தொடங்கினோம். ரெஜினாதான் முதலில் கண்டாள். "ஏய், அங்கால ஆர் சாப்பிட்டது?" என்றாள்.

எதிர்ப்பக்கத்துச் சோற்றில் ஒரு குழி. சரிந்து விழுந்திருக்கும் என்று நான் சொன்னேன். சரிந்தால் சோறு பாய்ப்பக்கம் கொட்டியிருக்கும் அல்லவா, அங்கே ஒரு பருக்கை கூட இல்லை. குழியின் ஓரத்தில் விரல் வழித்த தடம் அருகருகே நாலு தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி உள்ளுக்குள் ஆழமாகிப் போனது. நம்பினால் நம்புங்கள், மேலே இருந்த சோறு அப்படியே நிற்க அடியில் மட்டும் குறைந்துகொண்டு வந்தது. ரிஸானா ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினாள். என் பக்கத்தில் பாதி தெரிந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கு ஒன்று மெல்ல ஆடி உள்ளே போய் மறைந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது, என் புத்தி அப்படி. என் வீட்டில், என் சோற்றில், என் பங்கையே இழுக்கிறாளா என்று மணிக்கட்டு வரைக்கும் சோற்றுக்குள் கையை விட்டேன். உள்ளே ஒரு கை இருந்தது. சூடுமில்லை, குளிருமில்லை, நெய் பட்ட சாதாரணக் கை. அது என் மணிக்கட்டைப் பிடித்தது. காப்பாற்றுங்கள் என்று பிடிக்கிற பிடி இல்லை அது, கறுவம் வைத்தவள் ஆள் அகப்பட்டதும் பிடிக்கிற பிடி. நகம் தோலுக்குள் இறங்கியது. நான் கத்தி இழுத்ததில் சகன் கவிழ்ந்து சோறெல்லாம் பாயில் கொட்டியது. கொட்டிய சோற்றைக் கிளறிப் பார்த்தோம். எலும்பும் ஏலக்காயும் தவிர ஒன்றும் இல்லை. என் மணிக்கட்டில் மட்டும் நாலு நகக்குறி சிவந்து நின்றது.

வந்தவர்கள் பாதியிலேயே எழும்பிவிட்டார்கள், சிலர் கைகூடக் கழுவவில்லை. போகும்போது ரெஜினா என் முகத்தைப் பார்த்து, "நீதான் கூப்பிட்டனி, நிஸா," என்று மட்டும் சொன்னாள். அவள் கண்ணில் துளி இரக்கம் இல்லை. குறூப்பும் அன்றோடு ஓய்ந்துபோனது.

அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்துத் தாழ்வுபாட்டுக்குப் போனேன். காயப்போட்ட மீன் நாற்றம் தாண்டி உள் ஒழுங்கையில் அந்த வீடு. கதவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆனால் மேலே வாப்பாவின் பிறை அப்படியே இருந்தது. என் கதவை நானே வெளியில் நின்று தட்டினேன். அந்த வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல.

ஜெசிந்தாவின் மகள் திறந்தாள். உள்ளே சாய்வுக் கதிரையில் ஜெசிந்தா கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்து, வலக்கை மடியில் துவாய் போல விழுந்து கிடந்தது.

"போன மாரிக்குப் பாரிசவாதம் வந்தது அன்ரி. அந்தக் கை அசையாது. நான்தான் சாப்பாடு தீத்துறனான்," என்றாள் மகள்.

எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனாலும் நான் வந்த வேலையை விடவில்லை. "இது என்ர வாப்பாட கதவு," என்றேன்.

ஜெசிந்தா ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துச் சொன்னாள். "ஓம். உன்ர வாப்பாட கதவுதான். ஆரோ கழட்டி வண்டில்ல ஏத்தேக்க மறிச்சு வாங்கினனான். நீ வருவாயெண்டு வைச்சிருந்தனான். நீ வரேல்ல. கள்ளி எண்ட கதைதான் வந்தது."

"பொய்," என்றேன். பொய்யா மெய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"கழட்டிக்கொண்டு போ. ஊர் முழுக்கச் சொன்ன சொல்லையும் பொறுக்கிக்கொண்டு போ," என்றாள். பிறகு இழுத்த வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தாள். "உப்புக் குறைவடி, நிஸா. கிழங்கு நல்லா இருந்தது."

ரெஜினா போன் பண்ணிச் சொல்லியிருப்பாள் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து அவளைப் பிடித்துக் கேட்டேன், மாதா மேல் சத்தியம் பண்ணி இல்லை என்றாள். சரி, அவள் பொய் சொன்னாள் என்றே வையுங்கள். நான் எழும்பி வரும்போது மகள் வாசல் வரை வந்து, "நேற்று மத்தியானம் அம்மா வாயே திறக்கேல்ல அன்ரி. எவ்வளவு கெஞ்சியும் வேண்டாமெண்டிட்டா. வயிறு நிறைஞ்சிட்டுதாம்," என்று கவலையோடு சொன்னாளே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கதவு இப்போதும் அங்கேதான் நிற்கிறது. கழற்றிக்கொண்டு வருவோம் என்று தம்பி ஒற்றைக் காலில் நிற்கிறான், நான் விடவில்லை. இரக்கம் என்று நினைக்காதீர்கள், பயம். அடுத்த தவக்காலத்தில் ஜெசிந்தா மோசம் போனாள் என்று கேள்விப்பட்டேன். மரித்த வீட்டுக்குப் போகவில்லை. மனதுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது, இத்தோடு சனியன் விட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பிறகு நான் சகனில் கை வைத்ததில்லை. தனித் தட்டில்தான் சாப்பிடுகிறேன். எனக்கு எதிரில் ஒருவரும் உட்கார முடியாதபடி மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தட்டைச் சுவரில் முட்டும்படி வைத்துக்கொள்கிறேன். மருமகள் பார்த்துச் சிரிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி இருக்கிறதாம். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்கிறேன், ஜெசிந்தாவை அடக்கம் பண்ணி இவ்வளவு காலமாகியும், நான் தின்னத் தொடங்கினால் சுவர்ப்பக்கத்துச் சோறுதான் முதலில் குறைகிறது.