பதினொரு மணிப் படம்

அன்று எங்கள் சேவூர் வீட்டுப் பின்பக்கம் இருந்தவர்கள் நான்கு பேர். நான், பதினொரு வயது மகள் எஸ்தர், ஆறு வயது மகன் ஜோயல், நான் இல்லாத காலமெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் மேரி. வீட்டுக்காரர் முன்னறையில் தறியில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சேர்த்தால் ஐந்து. குவைத்தில் இருந்தபடி எங்களைப் பார்த்த ஒருவரையும் சேர்த்தால் ஆறு. அந்த ஆறாவது ஆளை அங்கே கூட்டிவந்தவள் நான்தான்.

மே மாதம். குவைத்திலிருந்து வந்த நாற்பது நாள் லீவில் ஒன்பதாவது நாள். துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, பிள்ளைகளோடு நானும் அதில் இறங்கி நின்றேன். ஜோயல் மேல் தண்ணீரை வாரி இறைத்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஒன்பது நாளில் அதுதான் முதல் தடவை. அதுவரை அவனுக்கு நான் வீட்டுக்கு வந்த விருந்தாளி. பசித்தாலும் தூக்கம் வந்தாலும் மேரியிடம்தான் போவான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். ஒரு படம். முகம் சரியாகத் தெரியவில்லை என்று இன்னொரு படம். தட்டி அனுப்பியும்விட்டேன்.

"யாருக்குமா அனுப்பிகினு கீற?" என்றாள் எஸ்தர்.

மணியைப் பார்த்தேன். பதினொன்று.

குவைத்தில் நான் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டம்மாவுக்கு வங்கியில் வேலை. அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். அங்கே வீட்டு வேலைக்கு வந்தவர்கள் பலரும் முதலாளியம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இதைச் சொன்னபோது மேரி, "இன்னா அண்ணி, பொம்பளைய போயி மாமான்றீங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்து மணிக்குப் பழம், பதினொரு மணிக்கு விளையாட்டு, ஒன்றரைக்குச் சாப்பாடு. இப்படி ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் மாமாவுக்கு ஒரு படம் போக வேண்டும். முகம் தெரிய வேண்டும், காலில் ஷூ இருக்க வேண்டும். அங்கே கோடையில் பிள்ளைகள் வெளியே கால் வைக்க முடியாது. அதனால் ஹாலுக்குள் போர்வையில் கூடாரம் கட்டுவேன், குதிரையாவேன், பூனையாவேன். படத்தோடு எழுதுவது எப்போதும் ஒரே வரி: பேபி ஹேப்பி, ஈட் பினிஷ். பதிலுக்கு மாமாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அது வர ஐந்து நிமிஷம் தாமதமானால் போதும், முழங்காலில் கீறல் ஏதும் தெரிகிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்று அனுப்பின படத்தையே பெரிதாக்கிப் பார்ப்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இனி பரீட்சை இல்லை என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அங்கே தினமும் ஆறு பரீட்சை.

அன்று விரல் தன் பழக்கத்தில் மாமாவுக்கே அனுப்பியிருந்தது. அதே வரியோடு. ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. நீளமான இங்கிலீஷ். எஸ்தர்தான் படித்துச் சொன்னாள்: "இதுங்க யார் வீட்டுப் புள்ளைங்கன்னு கேக்குறாங்கமா. நீ அங்க வேற வூட்ல வேலைக்குச் சேந்துட்டியாம். திரும்பி வரமாட்டியான்னு கேக்குறாங்க."

விசாவை ரத்து செய்துவிட்டால்? டிக்கெட் பணம் என்னாகும்? "என் புள்ளைங்கதான்னு எழுதுடி, ஜல்தி!" என்று கத்தினேன். அவள் எழுதினாள். பிறகு அந்தக் கட்டைவிரல் வந்தது. 'அப்பாடா' என்று டப்பின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

எஸ்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கள வச்சிகினு வேலை பாத்துகினு கீறியாமா?" என்றாள். ஜோயல் எப்போதோ டப்பை விட்டு இறங்கி மேரியிடம் போயிருந்தான். அவள் முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் போனைக் காணோம். எஸ்தர் அதை அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருந்தாள். "சாய்ங்காலம் தரேன்" என்றாள். மாமா கூப்பிட்டால் என்ன செய்வது என்று நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். மேரிக்கு அலுத்துப்போய்விட்டது. "கூப்டட்டுமே அண்ணி. நீங்க இல்லாம அங்க அடுப்பு எரியாதா? பேஜார் பண்ணாம போயி வெளாடுங்க."

தெருவில் ஏழு கல் ஆட்டம். ஜோயல் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீ ஓடுவியா? அத்தைக்கு முட்டி வலி, ஓடமாட்டாங்க."

"ஓடுவேன்டா."

ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பந்துக்குப் பயந்து, அடுத்த வீட்டு ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒளிந்தேன். கல்லை அடுக்க ஓடிவந்த ஜோயல் தடுக்கி விழுந்தான். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். பாய்ந்துபோய்த் தூக்கினேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை, "சாரி மாமா, சாரி மாமா."

"யார்மா?" என்று அவன் தெருக்கோடி வரை பார்த்தான். தெருவில் யாருமில்லை. திட்டுவதற்கு ஆளில்லாத அந்தத் தெருவில் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவன் எச்சிலைத் தொட்டு ரத்தத்தில் தடவிக்கொண்டான். "ஒண்ணுல்லமா. நம்ம கல்லு சரிஞ்சிடப் போவுது, வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

மா என்றான், நம்ம என்றான். அன்றைக்கு நடந்த எதற்கும் படம் கிடையாது.

லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பி வந்து ஆறு வாரமாகிறது. என்னைப் போல் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கும் பெண்களுக்கு நான் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எஸ்தர் அவள் அப்பா போனிலிருந்து எழுதுவாள். இங்கே பதினொரு மணி அடித்தால் சேவூரில் ஒன்றரை. போன ஞாயிறு கூடாரத்துக்குள் இருந்த பிள்ளைகளைப் படமெடுக்கப் போனைத் தூக்கினேன். திரையில் அவர்கள் முகத்தின் மேலேயே எஸ்தர் அனுப்பிய படம் வந்து விழுந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஜோயல். முகம் தெளிவாகத் தெரியும்படி எடுத்திருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: தம்பி ஹேப்பி, ஈட் பினிஷ்.

என் விரல் நேராகக் கட்டைவிரல் படத்துக்குப் போனது. தொடுவதற்குள் அடுத்த வரியும் வந்தது. எப்போது வருவாய் என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை. வீட்டுக்குத் தளம் போடப் போளூர்க்காரர் ஒருவரிடம் வாங்கிய கடன் தீர்ந்தால்தான் நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னும் எவ்ளோமா பாக்கி?"

சின்னக் குழந்தை கூடாரத்திலிருந்து என் முந்தானையை இழுத்தது. விரலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்.

எண்பத்து மூவாயிரம் ரூபாய்.