பாதி குறைந்து பாதி ஏறியது

அப்பா வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், பைக்குகளுக்குப் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில். வண்டி விற்பனை சரிந்த அந்த வருஷம், ஆர்டர் பாதியாகிவிட்டது என்று சொல்லி கான்ட்ராக்ட் ஆட்களை மட்டும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அப்பா கான்ட்ராக்ட். சேக்காட்டில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் பகல் வேளையில் அவரைப் பார்ப்பதே எனக்குப் புதிதாக இருந்தது. டிவியில் செய்தி வந்தால் சத்தத்தைக் கூட்டுவார். உற்பத்தி இத்தனை சதவீதம், விற்பனை இத்தனை சதவீதம் என்று வாசிக்கும்போது கிரிக்கெட் ஸ்கோர் கேட்பவரைப்போல முன்னால் சாய்ந்துகொள்வார்.

ஒரு சாயங்காலம் அம்மாவின் தம்பி வந்தார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு துணி கம்பெனியில் அம்மாவுக்கு வேலை பேசி வைத்திருந்தார். விடிவதற்குள் வேன் வரும், இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும்.

அப்பா சிரித்தார். "அதெல்லாம் இன்னாத்துக்குடா? கம்பெனில பேசிட்டேன். அன்னிக்கு ஆர்டர் அம்பது பர்சென்ட் கொறஞ்சுது. இப்ப அம்பது பர்சென்ட் ஏறிகீது. சரியாப் பூட்ச்சு. சீக்கிரமே கூப்புடுவாங்க."

அம்மா தலையாட்டினாள். மாமாவும்தான். நான்தான் வாயைத் திறந்தேன். ஏழாம் வகுப்பில் அப்போதுதான் சதவீதக் கணக்கு நடத்தியிருந்தார்கள்.

"இல்லப்பா, சரியாவாது. நூறுல பாதி போனா அம்பது. அந்த அம்பதுலதான் பாதி ஏறும், இருபத்தஞ்சு. மொத்தம் எழுவத்தஞ்சுதான் வருது. மிச்சம் எங்க போச்சு?"

"பொண்ணு கெட்டிக்காரி, மாமா" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா, கரெக்ட்டுதான்" என்றார். அம்மா எழுந்துபோய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"வேன் எங்கடா வந்து நிக்கும்?" என்று தம்பியிடம் கேட்டாள்.

அந்தத் திங்கட்கிழமையே அம்மா வேலைக்குப் போனாள். அப்பாவைக் கம்பெனி கூப்பிடவே இல்லை. பிறகு வானகரத்தில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். வீட்டில் செய்தி ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவார். அப்பாவுக்குக் கணக்கு வராது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அவர் இறந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அவுருக்கா தெரியாது? டெய்லி மிசின்ல எத்தினி பர்சென்ட் வேஸ்ட்டுனு எழுதிக் குடுத்தவரு" என்றாள். அப்புறம், "எனக்கும்தான் தெரியும். அவுரு சொல்றப்ப கேக்க நல்லாருந்துச்சு. அதான் கம்முனு இருந்தேன்" என்றாள்.

மிச்சம் எங்கே போனது என்று நான் கேட்டது அவர்கள் இரண்டு பேருடைய காதிலும் எப்படி விழுந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. விடை சரி என்று அப்பாவே சொல்லிவிட்ட சந்தோஷத்தில், அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.