மாம்பழத் தட்டோடு வந்த குற்றம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம், கனடாவின் மொன்றியல் நகரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் தொடங்கியது இது. இரண்டாம் மாடியில் இரண்டு வீடுகள். ஒன்றில் நான் தனியே. பக்கத்து வீட்டில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கணவனுக்கு நாற்பது வயதிருக்கும். அமெரிக்க எல்லை தாண்டி ட்ரக் ஓடுபவர். இரண்டு வீட்டுக்கும் வெளியே ஒரே இரும்புப் படிக்கட்டு. அதில் விழும் பனியை ஒரு கிழமை நான் தள்ளுவது, மறு கிழமை அவர்கள் தள்ளுவது என்று பேச்சு.

அந்தப் பனிக்காலத்தில் அவர்கள் முறை மூன்று தரம் தவறியது. நான் எதையும் எண்ணி வைப்பவன். வீட்டுச் சொந்தக்காரருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். அவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து ஏசியிருக்கிறார். நாலு நாள் ஓட்டம் முடிந்து நித்திரை இல்லாமல் வந்த மனிதர் நேரே என் கதவைத்தான் தட்டினார்.

“கிழவா, இன்னொருக்கா என்னைப் பற்றிக் கோல் எடுத்தியெண்டால் உந்தப் படியாலை உருட்டி விட்டிடுவன். பனியிலை சறுக்கி விழுந்திட்டாரெண்டு சொன்னால் ஆர் கேக்கப் போறான்?”

முதல் வசனம் கோபம். என்னைக் குலுக்கியது இரண்டாவதுதான். உண்மையில் யார் கேட்கப் போகிறார்கள்? இந்த ஊரில் பனியில் விழுந்து சாகிற கிழவர்கள் புதினமான செய்தியா?

பக்கத்து நகரமான லவாலில் இருக்கும் என் மகள் வந்து பொலிசைக் கூப்பிட்டாள். பொலிஸ் அவரைக் கொண்டுபோய் வழக்குப் பதிந்தது; நீதிமன்றம் நிபந்தனையோடு விட்டது. என்னோடு எந்த விதத்திலும் பேசக் கூடாது, இந்தக் கட்டடத்துக்கு வரக் கூடாது. அவர் லவாலில் தம்பி வீட்டுக்குப் போனார். மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள்.

சட்டப்படி நான் பத்திரம். ஆனால் படியில் யாருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டாலும் நான் எழுந்துபோய்க் கதவுச் சங்கிலியைச் சரிபார்த்தேன். பாணும் பாலும்கூட மகள் வாங்கி வந்தாள். முன்னாலுள்ள டெப்பனர் என்ற சில்லறைக் கடைக்கு நான் போகாமல் அந்தப் பனிக்காலம் முழுவதும் கழிந்தது.

சித்திரை வருடப்பிறப்பு அன்று காலை மணி அடித்தது. கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்த இரண்டு பேர், என் வயதுக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால், வேட்டிக்கு மேலே குளிர் ஜக்கெட்டோடு, கையில் மாம்பழத் தட்டோடு அவர்.

“அண்ணை, நல்ல நாளும் பெருநாளுமா வாசல்லை நிக்க விடாதேங்கோ” என்றார் நிர்வாகத்தார் ஒருவர்.

“கோட்டிலை வழக்கு இருக்கல்லோ. இவர் வாறது சரியோ?” என்று கேட்டேன்.

“தனிய வந்தால்தானே குற்றம். நடுவிலை நாங்கள் ரெண்டு பேர் நிக்கிறம்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காணிச் சண்டையோ கலியாணச் சண்டையோ, எங்கள் பக்கத்தில் நடுவில் இரண்டு பெரியவர்கள் நின்றுதானே தீர்ப்பார்கள்? உள்ளே வந்தவர் தட்டை வைத்துவிட்டு என் காலில் விழுந்தார்.

“நித்திரைக் கலக்கத்திலை வாயிலை வந்ததைச் சொல்லிப் போட்டன் ஐயா. என்ரை அப்பாவை ஒருத்தன் இப்பிடிச் சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டன்.”

வருடப்பிறப்புக்கு மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கொடுக்கும் கைவிசேஷத்தை, வெற்றிலையில் ஒரு நாணயம் வைத்துக் கொடுத்தேன். “பாத்துக் குடுங்கோ அண்ணை, உவன் உதையும் ட்ரக்கிலை ஏத்திக் கொண்டு போடுவான்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். அன்று பின்னேரம் நான் இறங்கிப் போய் என் கையாலேயே பாண் வாங்கினேன். சட்டம் அவரை விரட்டியது. என் பயத்தை விரட்டியது அவர் வந்து நின்ற அந்த அரை மணித்தியாலம்தான்.

ஆனி மாதம் நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். அரச தரப்பு வழக்கறிஞர் ஒரு இளம் பெண். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

“இன்னும் பயமோ எண்டு கேக்கிறா, ஐயா.”

நான் உற்சாகமாக எல்லாம் சொன்னேன். அவர் வந்ததை, காலில் விழுந்ததை, கைவிசேஷம் கொடுத்ததை. ஆறு மாம்பழம் என்றுகூடச் சொன்னேன். அந்த மனிதருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான். வழக்கறிஞரின் முகம் இறுகியது. எந்த நாள், எத்தனை மணி, அவரே வாய் திறந்து பேசினாரா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மொழிபெயர்ப்பாளர் மெல்ல, “ஐயா, போதும்” என்றார். எனக்கு விளங்கவில்லை.

சில கிழமைகளில் அவர் மேல் இரண்டாவது வழக்கு வந்தது. நீதிமன்ற நிபந்தனையை மீறிய குற்றம். நான் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். “நான்தான் உள்ளே விட்டேன், எனக்குச் சம்மதம்” என்றேன். நிபந்தனை போட்டது நீதிமன்றம், அதைத் தளர்த்த உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். என்னைப் பாதுகாக்கப் போட்ட நிபந்தனையில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை!

நான் விளங்காதவன் இல்லை. சமாதானம் என்ற பெயரில் நாங்கள் எத்தனை பெண்களின் வாயை மூட வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்தக் கண்டிப்பு என்றால் அதை மதிக்கிறேன். ஆனால் முன்னால் நிற்கிறவன் மிரட்டிப் பணிய வைக்கப்பட்டவனா, மனம் ஆறினவனா என்று ஒரு தரமாவது நிமிர்ந்து பார்க்கக் கூடாதா?

இலையுதிர் காலத்தில் தீர்ப்பு. இரண்டு குற்றங்களையும் அவர் ஒத்துக்கொண்டார். மிரட்டலைப் பற்றி நீதிபதி நாலு வசனம்தான் பேசினார். கோபத்தில் சொன்னது, வருந்துகிறார், முன்பு குற்றம் எதுவும் இல்லை. ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி என்ற பதிவு வராது. பிறகு நிபந்தனை மீறலுக்கு வந்தார். அதற்கு எண்ணி முடிக்க முடியாத அளவு பேசினார். நீதிமன்ற உத்தரவு விளையாட்டல்ல என்றார். அபராதம், குற்றப் பதிவு.

நான் கையை உயர்த்தி எழுந்தேன். காவலர் இருக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

“இருங்கோ ஐயா, உங்களைக் கதைக்கக் கேக்கேல்லை” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வெளியே நடைபாதையில் அவர் என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னோடு பேச அவருக்கு இன்னும் தடை. அவருடைய மனைவிக்குத் தடை இல்லை. நேரே வந்தார்.

“உருட்டி விடுவன் எண்டதுக்கு மன்னிச்சு விட்டினம். காலிலை விழுந்ததுக்குத் தண்டிச்சுப் போட்டினம். நீங்கள் படிச்ச மனிசர்தானே ஐயா, எனக்கு விளங்கப்படுத்துங்கோ பாப்பம்.”

குற்றப் பதிவு உள்ளவரை அமெரிக்கா உள்ளே விடாது என்று கணவரின் கொம்பனி எல்லை தாண்டும் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. இப்போது புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறார் என்று கேள்வி. குடும்பமும் லவாலுக்குப் போய்விட்டது. சமாதானம் செய்து வைத்த இருவரும், “எங்களுக்குச் சட்டம் தெரியாது அண்ணை” என்று ஒதுங்கிக்கொண்டார்கள். தெரியாத சட்டத்துக்கு நடுவில் நிற்க அவர்களை யார் கேட்டது?

எனக்கு ஆத்திரம் இன்னும் தணியவில்லை. பயப்படுகிறேன் என்று நான் சொன்னபோது என்னை அப்படியே நம்பிய அதே நீதிமன்றம், பயம் போய்விட்டது என்று நான் சொன்னபோது மட்டும் ஏன் நம்பவில்லை என்பதற்கு, இன்றுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.